காசிமாயனின் இடுப்பு வலி

முதலிபாளையத்துப் பனியன் கம்பெனி ஒன்றில் காசிமாயன் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் டெய்லர். பதினெட்டு வருடமாக ஸ்டூலில்தான் பிழைப்பு. பீஸ் ரேட், தைத்த எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால் எழுந்திருக்க மனசு வராது. தண்ணீர் குடித்தால் எழ வேண்டிவருமே என்று அதையும் குறைத்துக்கொண்டார். காலையில் டீயும் பன்னும், ராத்திரி பரோட்டா. வயிறும் எத்தனை நாள்தான் பொறுக்கும்?

போன ஆடியில் மலத்தோடு ரத்தம் போனது. மூலம் என்று சொல்ல நாக்குக் கூசி, வீட்டில் இடுப்பு வலி என்றார். வெட்டுத்துணியைத் திணித்து ஒரு மெத்தை தைத்து, தினமும் கையோடு கொண்டுபோய் ஸ்டூலில் போட்டுக்கொண்டார். மனைவி கருத்தம்மா தினமும் சாயங்காலம் எண்ணெய் தேய்த்துவிட்டாள். வலிக்காத இடுப்பைக் காட்டிக்கொண்டு மனிதர் குப்புறப் படுத்திருப்பார். உள்ளே பயம்தான். உட்கார முடியாத டெய்லருக்கு யார் மெஷின் கொடுப்பார்கள்?

தை மாதம் தாங்க முடியாமல் டாக்டர் சாரதாமணியிடம் போனார். அந்தம்மா சோதித்துவிட்டு, “மூலந்தானுங்க, இப்ப ஆபரேசன் வேண்டாமுங்க. சாப்பாட்டுல நார்ச்சத்துதான் பத்தலீங்க” என்றார். பஞ்சிலும் நூலிலும் புரளுகிறவருக்கு நார் பத்தவில்லையாம்.

அன்றே வாழைத்தண்டு, கீரை, கொண்டைக்கடலை, கொய்யா என்று ஒரே மூச்சில் இறங்கினார். மூன்றாம் நாள் வயிறு உப்பி, பக்கத்து மெஷின்காரர் ஃபேனைத் திருப்பி வைக்கும்படி ஆனது. திரும்பவும் டாக்டரிடம் ஓடினார்.

“குடலுக்குள்ள கோடிக்கணக்குல பாக்டீரியா இருக்குதுங்க. நாருதானுங்க அதுகளுக்குச் சோறு. இத்தன வருசம் பட்டினி போட்டுப்போட்டு, ஒரே நாள்ல விருந்து வெச்சா உப்பத்தானுங்க செய்யும். கொஞ்சங்கொஞ்சமாச் சேத்துங்க. தண்ணி நல்லாக் குடியுங்க. வந்தா அடக்காம எந்திரிச்சுப் போங்க.”

முதல் வாரம் ஒரு கொய்யா, அப்புறம் கீரை, அப்புறம் சுண்டல் என்று நிதானமாகப் போனார். மெஷின் பக்கத்தில் தண்ணீர் பாட்டில் வந்தது. எழுந்து போனதில் பீஸ் கொஞ்சம் குறைந்தது.

பங்குனியில் ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது, கொடியில் அந்த மெத்தை துவைத்துக் காய்ந்துகொண்டிருந்தது. திங்கட்கிழமையே அதை வீட்டில் மறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

“இடுப்பு தேறிருச்சு” என்றார்.

“தெரியும். ஒரு மாசமா கைலியில ரத்தக்கறை இல்ல” என்றாள் கருத்தம்மா.

காசிமாயன் கொடியிலிருந்து மெத்தையை எடுத்தார். பிறகு, “தெரிஞ்சும் எதுக்கு இடுப்புல எண்ணெய் தேச்ச?” என்று கேட்டார்.

“தேச்சுக்கிட்டே இருந்தா ஒரு நாளைக்காவது சொல்லுவீகன்னுதான்.”