சண்டை வந்த படி எது?

வருடக் கடைசி வந்தால் போதும், டிவிக்காரர்கள் உலகத்தையே ரீவைண்ட் செய்துவிடுகிறார்கள். போன வாரம் நானும் செய்தேன் — படிக்கட்டில்.

சிரிக்காதீர்கள். ஆறாம் வகுப்பில் மூன்று வருடம் குடியிருந்தவன் நான். எனக்குத் தெரிந்த உலகப்படத்தில் இந்தப் பக்கம் அரக்கோணம், அந்தப் பக்கம் கனகம்மாசத்திரம். மிச்சமெல்லாம் வெளிநாடு.

ஆனாலும் திருத்தணிக்காரனுக்கு ஒரு வசதி உண்டு. எங்கள் மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி. நாளுக்கு ஒரு படி! டிசம்பர் கடைசி நாள் காலையில் ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, சூடம் ஏற்றிக்கொண்டே மேலே போவோம். முதல் படியை ஜனவரி ஒன்று என்று வைத்துக்கொண்டால்... உச்சிக்குப் போவதற்குள் மொத்த வருடமும் கையில். இந்த மூளைக்கா ஃபெயில் போட்டார்கள்?

துணைக்கு என் அக்கா புருஷன் முனுசாமி பாவா. கே.ஜி.கண்டிகையில் டீக்கடை வைத்திருப்பவர். அவர் சூடம் ஏற்ற, நான் உலகத்தை அலசினேன்.

"பாவா, இந்தப் படியிலதான் அந்தப் பெரிய நாட்டுக்காரரு எல்லாருக்கும் வரி போட்டாரு."

"சரி, குங்குமத்த எடு."

"இங்க தங்கம் ஏறிச்சு."

"அது எங்கடா படியில ஏறிச்சு? லிஃப்ட்ல இல்ல போச்சு!"

"இங்க ஒருத்தரு சண்டைய நிறுத்திட்டேன்னு பேட்டி குடுத்தாரு."

"நின்னுச்சா?"

"சண்டையும் நிக்கல, பேட்டியும் நிக்கல பாவா."

பின்னாலிருந்து ஒரு குரல் என்னைக் கூப்பிட்டது. "நைனா... விமானத்த எல்லாம் நிறுத்தினாங்களே, அந்தச் சண்டை வந்தது எந்தப் படி?"

கன்னியம்மா. எங்கள் தெருக்காரர், நாற்று நடப் போகிறவர். மகன் வளைகுடாவில் லாரி ஓட்டுகிறான். டிக்கெட் எடுத்து ஊருக்குக் கிளம்பிய நாளில் அங்கே குண்டு விழுந்தது. விமானம் நின்றது. மறுநாள் அவன் போனும் நின்றது. அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

"எதுக்கு யக்கா?"

"அந்தப் படிக்கு மட்டும் பொட்டு வைக்க மாட்டேன். சூடமும் கெடையாது. சாமி கோச்சிக்கினா கோச்சிக்கட்டும்."

முருகன் படியையே தள்ளி வைக்க வந்திருக்கிறார்! நான் கம்பீரமாக ஒரு படியைக் காட்டினேன். "இதான்."

பாவா விடுவாரா? "இவன நம்பாதம்மா. சோடா குடிக்க உக்காந்தான் பாரு, அப்பவே எண்ணிக்கைய வுட்டுட்டான். இவன் சொல்றது ஒரு மாசம் முன்ன பின்ன இருக்கும்."

உண்மைதான். வரி, தங்கம், பேட்டி — எல்லாவற்றையும் தப்பான படியில்தான் வைத்திருந்தேன். அதனால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. கன்னியம்மாவுக்கு மட்டும் அந்த ஒரு படி சரியாக வேண்டியிருந்தது.

"தெரியல யக்கா," என்றேன். இவ்வளவு அலசியதில் நான் சொன்ன ஒரே உண்மை.

"உனுக்குத் தெரியலன்னா அவனையே கேளு. அவன்தான அங்க நின்னுகினு இருந்தான்?" கன்னியம்மா இடுப்பிலிருந்து, மகன் நம்பர் எழுதி மடித்த சீட்டை எடுத்து நீட்டினார்.

நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். இத்தனை மாதமும் ஒரு பெண் குரல் புரியாத பாஷையில் ஏதோ சொல்லி வெட்டிவிடுமாம்.

மணி அடித்தது.

கடைசி வரை அடித்தது. யாரும் எடுக்கவில்லை.

"வண்டி ஓட்டிகினு இருப்பான்," என்றார் பாவா, சூடத்தைப் பார்த்தபடி.

"ஆங்... அடிக்குது. இன்னொரு தபா போடு நைனா."

போட்டேன். அடித்தது. கன்னியம்மா குனிந்து, நாங்கள் நின்றிருந்த படிக்குப் பொட்டு வைத்தார். அது எந்தத் தேதி என்று அவர் கேட்கவில்லை, நானும் உளறவில்லை.

எந்தத் தலைவர் யாரோடு கைகுலுக்கினார் என்பதையெல்லாம் நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். இந்த வருடம் உலகத்தில் நடந்த பெரிய விஷயம், எங்கோ ஒரு பாலைவனத்தில் ஒரு போன் அடித்தது. எடுக்கவில்லைதான்...

ஆனால் அடித்தது!