மீன் தொட்டிக்குள் ஒரு சிமெண்டு மலை

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. மலேரியா விட்ட பிறகு அவள் சோற்றைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈப்போவில் சீனர் கடையில் வாங்கிய நான்கு தங்கமீன்களின் முன் உட்கார வைத்தால் மட்டும் வாய் திறப்பாள். ஆனால் தொட்டிக்கு நாலு பக்கமும் கண்ணாடி. ஆள் நடமாடினால் மீன்கள் மிரண்டு மூலையில் ஒடுங்கும். மகளும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அதனால் தொட்டிக்குள் பின்பக்கக் கண்ணாடியை மறைத்து வைக்க ஒரு சிமெண்டு மலை செய்தேன். பள்ளி நாட்களில் பார்த்த, ஈப்போ பக்கத்துக் குனோங் ராபாட் மலைப்பாறைகள் மனதில் இருந்தன. கம்பி வலையில் சிமெண்டை அப்பி, கரண்டிக் காம்பால் பிளவுகள் கீறினேன். சிமெண்டின் காரம் இறங்க ஒரு வாரம் தண்ணீரில் ஊறப்போட்டேன். போதாதோ என்று பயம். காரத்தை அமிலம் முறிக்கும் என்று படித்திருந்ததால், ரப்பர் பாலை உறைய வைக்கும் ஆசிட்டைக் கலந்து கழுவினேன். பிறகு அந்த ஆசிட்டை நினைத்துப் பயந்தேன்.

ரப்பர் தோட்டத்தில் எங்களுக்கு அடுத்த லயத்து வீட்டில் இருந்த, பாலெடுக்கப் பால்மரம் வெட்டும் பெண் சிரித்தாள். "இதுக்குப் போயி மூஞ்சிய இப்படி வச்சிருக்கீங்களேக்கா. ஒரு கோப்பை ரப்பர் பால்ல மலைய அலசுன தண்ணிய ஊத்திப் பாருங்க. ஆசிட் இருந்தா ஒறைஞ்சிடும்லா."

ஊற்றினேன். பால் உறையவில்லை. தோட்டத்தில் அதற்கு மேல் சாட்சி யாரும் கேட்கமாட்டார்கள். அன்று காலையே மலையைத் தொட்டிக்குள் வைத்து மீன்களை விட்டேன்.

மத்தியானம் கஞ்சிக் கிண்ணத்தோடு மகளைத் தூக்கி வந்தேன். இரண்டு மீன்கள் வயிறு மேலாக மிதந்தன. மற்ற இரண்டும் நீர்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடின. தண்ணீரின் மேல் மெல்லிய வெள்ளை ஏடு.

தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியான என் கணவர் சாப்பிட வந்தவர், விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"சுண்ணாம்புத் தண்ணிலா இது. வெத்தலப் பெட்டியில தெனமும் பாக்குறியே."

பார்த்திருந்தேன். சுண்ணாம்பு டப்பாவில் தெளிநீரின் மேல் படியும் அதே ஏடு. ஆசிட் மேலோடு நின்றுவிட்டது. சிமெண்டுக்கு உள்ளிருந்த சுண்ணாம்பு கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. பாலிடம் நான் ஆசிட்டைப் பற்றி மட்டும்தான் கேட்டேன்.

உயிரோடிருந்த இரண்டையும் மழைத் தண்ணீர் வைத்திருந்த மண்சட்டிக்கு அவர் மாற்றினார். மிதந்தவற்றை மகள் காட்டினாள்.

"மீனு தூங்குதா?"

அவள் சட்டியருகே குப்புறப் படுத்து உள்ளே பார்த்தாள். கரண்டியில் கஞ்சி எடுத்து நீட்டினேன். மீனை விட்டுக் கண்ணெடுக்காமல் அவள் வாயைத் திறந்தாள்.