எண்ணெய் விடாத கீரை

சண்டை நடந்த காலத்தில் கொழும்பில், வெள்ளவத்தையில் மருத்துவமாதாக வேலை செய்தேன். வீடு வீடாகப் போய்க் கர்ப்பிணிகளையும் சிறுபிள்ளைகளையும் பார்ப்பது என் வேலை. எல்லோருக்கும் நான் ‘மிஸ்ஸி’. பீல்டில் இறங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை, இது நடந்தபோது.

கடற்கரைப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், மாடி அறையில், யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் வாடகைக்கு இருந்தது. தாய் மலர், அவளுடைய கணவர், நாலு வயது மகள் துளசி. வருகிற வழியில் அகதி முகாமில் பிள்ளைக்குச் சின்னமுத்து என்கிற அம்மை. அது மாறியதும் வயிற்றோட்டம். கொழும்புக்கு வந்து கொஞ்ச நாளில் தகப்பனுக்கு ஹார்ட் அட்டாக். ஆள் பிழைத்துக்கொண்டார்.

“பின்னேரமானா பிள்ளை இருந்த இடத்தை விட்டு அசையிறாளில்லை, மிஸ்ஸி. எழுப்பினா அழுறாள். ஷெல்லடிச்ச பயம் இன்னும் போகேல்லை” என்றாள் மலர்.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அந்த நாட்களில் பிள்ளைகளுக்கு என்ன வந்தாலும் பயம் என்றுதான் முதலில் சொல்வோம்.

“கீரை குடுக்கிறீங்களா?”

“ஓம் மிஸ்ஸி, ஒவ்வொரு நாளும்.”

பிள்ளையின் கிளினிக் கார்டில் அப்படியே எழுதி, மலரைப் பாராட்டிவிட்டு வந்தேன்.

அடுத்த முறை போகப் பிந்திவிட்டது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. துளசி சுவரோரம் இருந்தாள். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஒரு டொபியை நீட்டினேன். அவள் முகம் என் குரல் வந்த பக்கம் திரும்பியது. கை மட்டும் வேறெங்கோ காற்றில் துழாவியது.

பிள்ளையைத் தூக்கி ஜன்னலடிக்குக் கொண்டுபோய் இமையை விலக்கிப் பார்த்தேன். வெள்ளை முழியில் சோப்பு நுரை ஒட்டியதுபோல ஒரு சின்னத் திட்டு. ட்ரெய்னிங்கில் படத்தில் மட்டும் பார்த்தது.

“மலர், இது பயமில்லை. பிள்ளைக்கு மாலைக்கண். நாளைக்குக் காலமை கிளினிக்குக்கு வந்திடுங்கோ.”

கிளினிக்கில் டொக்டர் அம்மா மலரிடம் கேட்டது நான் கேட்காத கேள்வி. “கீரையை எப்பிடிச் சமைக்கிறீங்கள்?”

“உப்புப் போட்டு அவிக்கிறது, டொக்டர். இவருக்கு நெஞ்சுவலி வந்த நாளிலயிருந்து எண்ணெய், தேங்காய், முட்டை எல்லாத்தையும் நிப்பாட்டிட்டன். பாலும் ஆடை எடுத்த பால்தான். எல்லாருக்கும் ஒரே சமையல்.”

டொக்டர் ஏசவில்லை. “அவருக்குக் குறைக்கத்தான் சொன்னது, அறவே விடச் சொல்லேல்லை. வளர்ற பிள்ளைக்குக் கொழுப்பு கட்டாயம் வேணும். கண்ணுக்குத் தேவையான சத்து கீரையில இருக்கு. அதை உடம்புக்குள்ள எடுக்கக் கொழுப்பு வேணும். இல்லாட்டி முக்கால்வாசி வீணாப் போயிடும். இருந்த கொஞ்சத்தையும் சின்னமுத்தும் வயிற்றோட்டமும் கொண்டு போயிட்டுது.”

“என்ர பிள்ளையின்ர கண்ணை நானே கெடுத்துப்போட்டன்” என்று மலர் வாய்விட்டு அழுதாள்.

“இல்லை. நேரத்துக்கு வந்திட்டீங்கள். இன்னும் பிந்தியிருந்தா கறுப்பு முழி பழுதாகியிருக்கும்” என்றார் டொக்டர்.

அங்கேயே விட்டமின் ஏ கப்சூலை வெட்டிப் பிள்ளையின் வாயில் பிழிந்தோம். மறுநாள் இன்னொன்று. இரண்டு கிழமை கழித்து ஒன்று.

மூன்றாம் நாள் பொழுதுபடப் போனேன். அறையில் லைட் போடவில்லை. மலர் எண்ணெயில் கடுகு தாளித்து, தேங்காய்ப்பூ போட்டு முருங்கையிலை வறுத்துக்கொண்டிருந்தாள். அந்த மங்கலில் துளசி கதிரைகளுக்கு நடுவால் ஓடிவந்து என் முன்னால் நின்று, என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

“அம்மா, மிஸ்ஸியின்ர சட்டையில ஒரு பொத்தான் இல்லை!”

குனிந்து பார்த்தேன். உண்மைதான். காலையிலிருந்து எனக்கே தெரியவில்லை. மலர் அகப்பையோடு அப்படியே நின்றாள். இரண்டே இரண்டு கப்சூல். மூன்று நாள்கூட முழுதாக ஆகவில்லை. ஒரு பிள்ளைக்கு அந்திப்பொழுது திரும்பக் கிடைத்துவிட்டது.

பிறகு எத்தனையோ வருடம் இதே வேலைதான் செய்தேன். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கேட்பதோடு ஒருநாளும் நிறுத்தவில்லை. அடுப்படிக்குப் போய்ச் சட்டியைத் திறந்து பார்ப்பேன். இப்போது இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கும் அதையே சொல்கிறேன். கூச்சப்படாமல் மூடியைத் திறந்து பாருங்கள்.