சிங்கப்பூருக்குச் சும்மா போன அத்தை

எங்கள் ராயபுரத்திலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனவர்கள் உண்டு, கல்யாணம் கட்டிக்கொண்டு போனவர்கள் உண்டு, சாவுக்குப் போனவர்கள்கூட உண்டு. ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொன்ன முதல் ஆள் என் அத்தைதான். நைனாவின் தங்கை. புருஷன் செத்த பிறகு எங்கள் வீட்டோடு இருந்துகொண்டு கல்மண்டபத்தில் மீன் விற்றவள். அவள் வாய்க்கு மார்க்கெட்டே பயப்படும்.

“அங்க யாரு கீறாங்க உனக்கு?” என்று தெருவே கேட்டது. “யாரும் இல்ல. சும்மா பாத்துட்டு வரப்போறேன்” என்பாள். அந்தச் சும்மாதான் ஒருத்தருக்கும் செரிக்கவில்லை. துறைமுகத்தில் கிரேன் ஓட்டிய நைனாவுக்குச் சுத்தமாகச் செரிக்கவில்லை. “பொம்பள தனியா கப்பல் ஏறி இன்னா பண்ணப்போற?” என்று கத்திப் பார்த்தார். அப்புறம் அதைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

அத்தை அசைந்தால்தானே! ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்தாள். சிரிக்கக் கூடாது என்று போட்டோக்காரர் சொன்னாராம். படத்தில் யாரையோ அடிக்கக் கிளம்பியவள் மாதிரி இருந்தாள். அம்மை ஊசி குத்திக்கொண்டு, கை வீங்கி, காய்ச்சலோடு கூடையைத் தூக்கினாள். வெளிநாடு என்றாலே குளிர் என்று யாரோ சொல்ல, அம்மா எங்கிருந்தோ ஒரு கம்பளி ஸ்வெட்டர் பிடித்து வந்தாள். நெத்திலிக் கருவாடு ஒரு டின் ரொம்பியது. பச்சை டிரங்குப் பெட்டியில் பெயின்டர் அவள் பெயரை எழுதிய அன்று நான் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பாஸ்போர்ட் ஒன்றுதான் வர வேண்டும்.

அதற்கு முன்னால் போலீஸ்காரர் வந்து, இந்த ஆள் இந்த முகவரியில்தான் இருக்கிறாளா என்று விசாரிப்பார் என்பது எங்கள் யாருக்கும் தெரியாது.

எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. துறைமுகத்திலிருந்து வழி தவறி வரும் ரேடியோவும் சீமைத் துணியும் எங்கள் பக்கம் கொஞ்சம் அதிகம். அதனால் காக்கிச்சட்டை வந்து யாரைக் கேட்டாலும், அந்த ஆள் எதிரிலேயே உட்கார்ந்து பீடி குடித்துக்கொண்டிருந்தாலும், “அப்படி யாரும் இங்க இல்லியே சார்” என்போம். இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அன்றைக்கு அத்தை மார்க்கெட்டில் இருந்தாள். போலீஸ்காரர் டீக்கடையில் கேட்டார், இல்லை. குழாயடியில் கேட்டார், கேள்விப்பட்டதே இல்லை. கடைசியில் எங்கள் வாசலுக்கே வந்தார். நைட் ஷிப்டு முடிந்து தூங்கிய நைனா எழுந்து போனார். “அவ தூத்துக்குடி போயி வருஷக் கணக்காச்சு சார்” என்றார், கூசாமல். எனக்கு நைனாவை நினைத்து அப்படியொரு பெருமை!

பாஸ்போர்ட் ஆபீசில் அத்தையிடம், அந்த முகவரியில் நீங்கள் இல்லை என்று போலீஸ் எழுதிவிட்டது, பாஸ்போர்ட் கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். பஸ்ஸைவிட்டு இறங்கியவள் நேராகக் குழாயடிக்கு வந்தாள்.

“ஏண்டி, நான் இந்தத் தெருவுல கீறனா, இல்லியா?”

“உன்னப் புடிக்க வந்தான்னு நெனச்சோம்க்கா...”

“என்னைப் புடிக்க நான் இன்னா சாராயமா காச்சறேன்? பேஜார் பண்ணிட்டீங்களேடி பாவிங்களா!” என்றவள் அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டாள். அத்தை அழுது நான் பார்த்ததே இல்லை. வீட்டுக்கு வந்து நைனாவை மட்டும் அவள் திட்டவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “காலைல நீயும் டேசனுக்கு வரணும்ணே” என்றாள். அண்ணன் என்கிற மரியாதையில்தான் திட்டவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன்.

மறுநாள் தெருவே கோயிலுக்குப் போகிற சேலையைக் கட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனுக்குக் கிளம்பியது. டீக்கடைகூட மூடியிருந்தது. இன்ஸ்பெக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அன்னிக்கு எல்லாரும் இல்லன்னீங்க. இன்னிக்கு எல்லாரும் கீறான்றீங்க. எதய்யா நம்பறது?”

அத்தை நைனாவின் முதுகில் கை வைத்து முன்னால் தள்ளினாள். “எங்க அண்ணன் சொல்லும் சார்.”

நைனாவுக்கு வாய் குழறியது. தெரு முழுக்க அவரையே பார்த்தது. “எந்தங்கச்சிதான் சார். எங்கூடதான் கீறா” என்றார். அத்தை கையை எடுக்கவில்லை. “போய்ட்டு வரட்டும் சார்” என்றும் நைனா சொன்னார்.

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். “அங்க யாருமா கீறாங்க?”

“யாரும் இல்ல சார். பொறந்ததுலேர்ந்து கப்பல் போறதப் பாத்துகினு கீறேன். எங்க போவுதுன்னு ஒருவாட்டி பாக்க வேணாமா?”

அவர் சிரித்துவிட்டு, இந்த முகவரியில்தான் இருக்கிறாள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எங்கள் கூட்டம் போட்ட கூச்சலில் ஸ்டேஷன் அதிர்ந்தது. அடுத்த மாதமே அத்தை கப்பலேறினாள். நைனாதான் பெட்டியைத் தலையில் சுமந்து போனார். மேல்தளத்தில் நின்று அவள் இரண்டு கையையும் ஆட்ட, நான் தொண்டை கட்டும்வரை கத்தினேன். என் அத்தை ஜெயித்துவிட்டாள்!

போலீஸ்காரர் வந்த அன்று நானும் வாசலில்தான் நின்றிருந்தேன். மற்ற இடங்களில் பெயரை மட்டும் கேட்டவர், எங்கள் வீட்டில் பாஸ்போர்ட் விஷயமாக வந்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டுத்தான் கேட்டார். தெரு விஷயம் தெரியாமல், “இல்லை” என்றது. நைனா தெரிந்தே சொன்னார். காதால் கேட்டும் எனக்கு இது உறைக்க எத்தனையோ வருஷமானது. அத்தை வாசலில்கூட இல்லை. ஆனாலும், சாட்சி சொல்ல அத்தனை பேர் வந்திருக்க, அவள் நைனாவைத்தான் முன்னால் தள்ளினாள்.