ஜீப்பை மறித்த சிவப்புத் துணி

மற்றப் பொலிஸ்காரர்கள் என்னைக் ‘கதிரைப் பொலிஸ்’ என்பார்கள். அவர்கள் கள்ளனைத் துரத்தினார்கள், சண்டை விலக்கினார்கள். நான் மட்டக்களப்பில் எங்கள் நிலையத்து டெலிபோனுக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தேன். சொல்லிவிட்டுப் போகட்டும். ஆறு என்று நாங்கள் சொல்லும் வாவியின் இரு கரையிலும் எந்தக் கடையில், எந்தத் தபால் கந்தோரில் டெலிபோன் உண்டு, அதை யார் எடுப்பார் என்பதெல்லாம் எனக்குத்தான் மனப்பாடம். அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்தில்தான் ஒரு நாள் காலை பிழை விட்டேன். அக்கரையிலுள்ள கொக்கட்டிச்சோலைத் தபால் அதிபர் பேசினார். ஒரு பெண்ணுக்குக் கஷ்டப் பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாவிட்டால் தாயும் மிஞ்சமாட்டாள் என்று மருத்துவிச்சி சொல்லிவிட்டாராம்.

“துறைக்குக் கொண்டு வாங்க. எங்கட ஜீப் பாதையில ஏறி அங்க வரும்,” என்றேன். பாதை என்பது வாகனங்களை ஏற்றிக்கொண்டு ஆற்றைக் கடக்கும் மிதவை. இன்ஸ்பெக்டர் கோர்ட்டுக்குப் போயிருந்ததால் அவரைக் கேட்காமலே ஜீப்பை அனுப்பினேன். பாதை ஓடுகிறதா என்று கேட்கும் புத்தி மட்டும் எனக்கு வரவில்லை.

சற்று நேரத்தில் மறுபடியும் மணி அடித்தது. “பாதை பழுதாகிக் கிடக்காம். புள்ளத்தாச்சியத் தோணியில ஏத்திற்றாங்க. நேரா காத்தான்குடி ஆத்தங்கரைக்கு வாறாங்க!” என்றார் தபால் அதிபர்.

ஜீப்பில் வயர்லெஸ் கிடையாது. வழியிலுள்ள காத்தான்குடியைத் தாண்டிவிட்டால் அது இக்கரைத் துறையில் போய்ச் சும்மா நிற்கும். அவள் கரையில் கிடந்து துடிப்பாள். காத்தான்குடி மெயின் ரோட்டில் ஒரு புடவைக் கடை இருந்தது. அதன் முதலாளி முதல் மணிக்கே டெலிபோனை எடுப்பவர். அவரைக் கூப்பிட்டேன்.

“முதலாளி, பொலிஸ் ஜீப் ஒண்டு உங்கட கடையடியால வரும். மறிச்சு ஆத்தங்கரைக்குத் திருப்பி விடுங்க. ஒரு தாய்ர உயிர்!”

“பொலிஸ் ஜீப்ப நான் மறிக்கிறதா, தம்பி?”

“ஓம். நான் சொன்னதெண்டு சொல்லுங்க.”

டெலிபோனைக் கீழே வைக்காமலே ஓடிவிட்டார். காதில் கடைச் சத்தம், பிறகு ஹோர்ன், பிரேக், கத்தல். சிவப்புச் சீத்தைத் துணியை விரித்துப் பிடித்தபடி மனிதர் நடுரோட்டில் நின்றாராம். டிரைவர் பிறகு சொன்னார்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் ஜீப் போய்வந்த பதிவுப் புத்தகத்தைப் பார்த்தார். நான் எழுந்து நின்றேன்.

“ஆர்ர ஓடர்ல ஜீப் போனது?”

“எண்ட ஓடர், சேர்.”

அவர் ஏச வாயெடுக்கும்போதே மணி அடித்தது. அவரே எடுத்தார். கேட்கக் கேட்க முகம் இளகியது. இந்த வேலையில் ஆட்களின் பதற்றத்தைத்தான் கேட்போம். பிறகு என்ன நடந்ததென்று ஒருவரும் எடுத்துச் சொல்வதில்லை. அன்று சொன்னார்கள்.

“ஆஸ்பத்திரியில இருந்து சிஸ்டர். உன்னோடதான் கதைக்க வேணுமாம்,” என்று டெலிபோனை நீட்டிய இன்ஸ்பெக்டர், மற்றக் கையால் கதிரையை என் பக்கம் இழுத்துவிட்டார். “இரு. இருந்து கதை.”

“தாயும் புள்ளையும் தப்பிற்றாங்க, தம்பி,” என்றார் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்த அந்தக் கன்னியாஸ்திரி.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்ஸ்பெக்டர் நிற்க, கதிரைப் பொலிஸ் நான், கால்மேல் கால் போடாத குறையாக இருந்துகொண்டு அதைக் கேட்டேன்.