வெயில் மருந்து

என் இடது முன்கையில் வெள்ளை விழுந்தபோது எனக்கு எட்டு வயது இருக்கும். முதலில் மிளகளவு. பிறகு உள்ளங்கை அகலம். பெரிய ஆஸ்பத்திரி தோல் டாக்டர் ஒரு சின்ன பாட்டில் மருந்து எழுதினார். தடவிவிட்டுக் கொஞ்ச நேரம் வெயிலில் காட்ட வேண்டும். உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட வேண்டும். நேரம் கூடினால் வெந்துவிடும் என்று அம்மாவிடம் அழுத்திச் சொன்னார்.

தாராவியில் எங்கள் சந்துக்குள் வெயில் விழாது. பத்ரா மேல்தான் விழும். தகரக் கூரைக்கு அங்கே அதுதான் பேர். அம்மா தீக்குச்சியில் பஞ்சு சுற்றி மருந்தைத் தடவுவாள். ஏணியில் ஏற்றிவிட்டு, போனில் அலாரம் வைப்பாள். அடித்ததும் இறக்கிவிடுவாள்.

அக்காவைப் பெண் பார்க்க மான்குர்திலிருந்து வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கும் தடவினாள்.

"கூப்பிடாம எறங்கப்படாது. கேட்டியாட்டி?"

"அலாரம் அடிச்சா?"

"அடிச்சாலுந்தான். நல்ல வெயிலு. சீக்கிரம் நெறம் வந்துரும்."

"வாயடிச்சிட்டு நிக்காதிய, வந்துட்டாவ" என்றார் அப்பா. நான் ஏறியதும் ஏணியை எடுத்துவிட்டார்.

தங்கைக்கு வெள்ளை என்றால் அக்காவுக்கும் வரும் என்று மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போய்விடுவார்கள். வீட்டில் எல்லோருக்கும் அது தெரியும். எனக்குத் தெரியாது.

கீழே அலாரம் அடித்தது. யாரோ அமர்த்தினார்கள். பிறகு ஒரு பொம்பளைக் குரல்.

"ஒங்களுக்குப் பிள்ளைய எத்தன?"

"ரெண்டு பொட்டப்பிள்ளதான். சின்னவ பாண்டுப்ல சித்தி வீட்டுக்குப் போயிருக்கா" என்றாள் அம்மா.

எனக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன். விளையாட்டு என்று நினைத்தேன். தகரம் சுட்டது. செருப்பைக் கழற்றி அதன்மேல் உட்கார்ந்தேன். கையை மட்டும் வெயிலில் நீட்டியே வைத்திருந்தேன். நிறம் வரட்டும் என்று.

அவர்கள் சாவகாசமாகச் சாயா குடித்து, வெற்றிலை மாற்றிக்கொண்டு போனார்கள். அப்புறம்தான் ஏணி வந்தது. சாயங்காலம் கை சிவந்தது. மறுநாள் கொப்புளம். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஊதினாள்.

டாக்டர் சத்தம் போட்டார். நான் சொல் பேச்சுக் கேட்காமல் வெயிலில் ஆடிவிட்டேன் என்று அம்மா அவளுக்கு வந்த இந்தியில் சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார். அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும். தலையாட்டினேன்.

மருந்து நின்றது. புண் ஆறிய இடமெல்லாம் வெள்ளை.

மே மாதம் கல்யாணம். எனக்கு மட்டும் விரல் வரைக்கும் முழுக்கை வைத்துப் பட்டுச் சட்டை தைத்தார்கள். வேர்த்துக் கொட்டியது. கல்யாணப் பொண்ணுக்கே இவ்வளவு நீளக் கை இல்லை என்று சந்து முழுக்கக் காட்டிக்கொண்டு திரிந்தேன்.