காவேரி எழுதிய இருபத்து மூன்று குறைகள்

பிள்ளைப்பாக்கம் காவேரிக்கு ஒன்பது வருடமாக ஒரே வேலை. ஒரகடம் பக்கத்து செல்போன் கம்பெனியில், லைனில் வரும் ஒவ்வொரு போனின் திரையிலும் விரலால் கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். கோடு அறுந்தால் சிவப்புத் தட்டு, அறுபடாமல் வந்தால் பச்சைத் தட்டு. ஷிப்டுக்கு அறுநூறு போன். இத்தனை போனைத் தடவுகிறவளுக்குத் தன் போனை உள்ளே கொண்டுபோக அனுமதி இல்லை. அது லாக்கரில் தூங்கும். இது எந்த ஊர் நியாயமோ!

அதனால் அவளுடைய பொழுதெல்லாம் கம்பெனி பஸ்ஸில்தான். மதியம் ஷிப்டு முடிந்து பஸ் கிளம்பினால், ஏசிக் குளிரில் நாற்பது தலையும் தொங்கிவிடும். காவேரி மட்டும் ஜோயல் கொடுத்த விளையாட்டைத் திறப்பாள்.

ஜோயல் அதே லைனில் டெக்னீஷியன். ஸ்ரீபெரும்புதூரில் அறை எடுத்துத் தங்கியிருந்தான். இரண்டு வருடம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அந்த விளையாட்டைச் செய்திருந்தான். வறண்ட ஏரி ஒன்று. விரலால் கால்வாய் இழுத்து மழைத்தண்ணீரை அதற்குள் கொண்டுவர வேண்டும். வெளியிடுவதற்கு முன் பன்னிரண்டு பேர் பதினாலு நாள் சோதித்துப் பார்க்க வேண்டுமாம். பஸ்ஸிலேயே பன்னிரண்டு பேரைப் பிடித்தான். பதினோரு பேர் ஒப்புக்குச் சப்பாணி. காவேரி ஒருத்திதான் மெய்யாக ஆடினாள்.

அதில் விரலுக்குப் பின்னால் தண்ணீர் சோம்பலாக வரும். கொக்கு ஒன்று பறந்து போனால், அரை வினாடி கழித்து அதன் நிழல் தண்ணீரில் நீந்திப் போகும். அந்த அரை வினாடிக்குள் காவேரிக்குக் கண் சொருகும். ஜன்னலுக்கு வெளியே ஒரு ஏரி, மடியில் ஒரு ஏரி. எது வெயிலில் மினுங்குகிறது, எது திரையில் மினுங்குகிறது என்று தெரியாமல் மிதந்துகொண்டே போவாள். இறங்கும்போது செருப்பு நனைந்திருக்கிறதா என்று குனிந்துகூடப் பார்த்திருக்கிறாள். அவ்வளவு சுகம்.

போன் சூடாகிறது, இந்த இடத்தில் நின்றுபோகிறது என்று அவள் நறுக்கென்று எழுதி அனுப்பியதைப் பார்த்து ஜோயல் அசந்துபோனான். ஒருவர் ஆப்பை ஒருவர் சோதித்துக் கொடுக்கும் வாட்ஸாப் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டான். அங்கிருந்த சக்திகுமார் என்று முகம் தெரியாத ஒருவர் தன் விளையாட்டை அவளுக்குத் தனியாக அனுப்பினார். திறந்தால் அதிலும் ஏரி, கால்வாய், கொக்கு. ஜோயல் இணையத்தில் போட்டிருந்த முப்பது வினாடி வீடியோவைப் பார்த்து அடித்த காப்பி என்று உங்களுக்கும் எனக்கும் உடனே புரியும். காவேரிக்குப் புரியவில்லை. அவள் முட்டாள் இல்லை, அவள் வேலை அப்படி.

லைனில் அவள் மேசை மேல் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு போன் இருக்கும். கோல்டன் சாம்பிள் என்று பெயர். குந்துமணித் தங்கம் கிடையாது. வருகிற போன் அதைப் போலவே இருந்தால் நல்லது, மயிரிழை மாறினாலும் குறை. ஒரே மாதிரி இருப்பதைத்தான் ஒன்பது வருடமாக அவள் நேர்மை என்று படித்திருந்தாள். ஆறு லைனில் ஒரே மாடல் ஓடும் இடத்தில், இன்னொரு ஏரி வந்தால் ஏழாவது லைன் என்றுதானே தோன்றும்? ஜோயலுடையதைச் சாம்பிளாக வைத்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒப்பிட்டாள். தண்ணீர் வேகமாக வருகிறது, சோம்பலாக வர வேண்டும். கொக்கின் நிழல் கூடவே போகிறது, அரை வினாடி பிந்த வேண்டும். இப்படி இருபத்து மூன்று குறை எழுதினாள். ஒவ்வொன்றுக்கும் சக்திகுமார் கைகூப்பும் பொம்மை அனுப்பினார். கூப்பமாட்டாரா பின்னே!

ஜோயலுக்கு ஒரு வாரம் முந்தி அந்தக் காப்பி வெளியே வந்துவிட்டது. வெளிறிய முகத்தோடு பஸ் ஏறினான்.

"வீடியோ பார்த்து கலர அடிக்கலாம்க்கா. கொக்கு நிழலு லேட்டா போறது அதுல இல்லவே இல்ல. என் கூட கீறவன்தான் எவனோ குடுத்துகிறான்."

அறையில் கூடத் தங்கியிருந்த புருஷோத்தமன் மேல் சந்தேகம். அவனோடு பேச்சையே நிறுத்திவிட்டான்.

கொக்கு நிழலைச் சக்திகுமாருக்கு எழுதிக் கொடுத்தது தான்தான் என்று காவேரிக்கு அப்போதுதான் உறைத்தது. வாயைத் திறக்காவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை. ஜோயலும் அக்கா அக்கா என்று வந்துகொண்டிருப்பான். இரண்டு நாள் அப்படியே போனாள். மூன்றாம் நாள், புருஷோத்தமன் அறையைக் காலி செய்கிறான் என்று காதில் விழுந்ததும் மனசு கேட்கவில்லை. போய் ஜோயல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அவன் இல்ல ஜோயலு. நான்தாம்ப்பா." போனை நீட்டினாள். "சாம்பிள்ள இருக்கிற மாதிரி இதுல இல்லன்னு எழுதிக்கினே போய்ட்டேன். திருட்டுன்னு தோணவே இல்ல."

வல்லக்கோட்டை தாண்டும் வரை அவன் படித்துக்கொண்டே வந்தான். அவள் சத்தமில்லாமல் அழுதுகொண்டிருந்தாள். கடைசிக் குறையில் அவன் விரல் நின்றது. 'ஏரி ரொம்புன உடனே ஆட்டம் முடிஞ்சிடுது. கொஞ்ச நேரம் சும்மா பாத்துகினு இருக்க வுடுங்க' என்று இருந்தது.

"இது என்னுதுலயும் இல்லியே. எனக்கு ஏன்க்கா சொல்லல?"

"உன்னுது சாம்பிளாச்சே. அது எப்படி இருக்கணும்னு சொல்ல நான் யாரு?"

ஜோயல் கசப்பாகச் சிரித்தான். "அவன் வெச்சிட்டான். அத்தத்தான் ஜனம் புகழுது. இனிமே நான் வெச்சா, நான்தான் காப்பி அடிச்சவன்."

காவேரி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். லட்சக்கணக்கான போன் அவள் விரலுக்கடியில் போயிருக்கிறது; ஒன்றிலும் அவளுடையது என்று ஒரு கோடு நின்றதில்லை. எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ.

"எப்படிக் காப்பி ஆவும்? அவனா யோசிச்சான்? என்னுதுப்பா அது. நான் உனுக்குக் குடுக்கறேன், வெச்சிக்கோ."

சொல்லிவிட்டு அவளுக்கே கூச்சமாகிவிட்டது. ஜோயல் புருஷோத்தமனுக்குப் போன் போட்டு, "ரூம காலி பண்ணாதடா, நான் வந்துகினே கீறேன்" என்றான். பிறகு அவள் பக்கம் திரும்பினான்.

"எத்தினி நேரம்க்கா சும்மா பாத்துகினு இருக்கணும்?"